கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன்

இது நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் மேசைக் கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும், முக்கியமாக அறுபதைத் தாண்டியவர்களுக்கு, எழுதுகிறேன்.

அக்டோபரிலிருந்து எங்கே போனாலும் ஒரே கேள்விதான். கபாலி கோயில் குளத்தைச் சுற்றி நடக்கும்போதும் கேட்கிறார்கள், மாட வீதியில் கோலப்பொடி வாங்கும்போதும் கேட்கிறார்கள், இந்த மார்கழியில் சபா கேன்டீன் வரிசையில் நிற்கும்போதுகூடக் கேட்கிறார்கள். "டீச்சர், விண்டோஸ் 10 செத்துப்போச்சாமே, புதுசுதான் வாங்கணுமா?" நான் கணக்கு டீச்சர். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்கு முதல் கணினி வந்தபோது, கணக்கு எடுப்பவர்தானே என்று அந்த அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அன்று பிடித்தது. ஓய்வு பெற்றும் சாவி என்னைவிட்டுப் போகவில்லை.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10 சாகவில்லை. 2015 ஜூலையில் வந்த அதற்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான இலவசப் பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாளும் கணினி ஓடியது, இன்றும் ஓடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலையை விட்டுப் போனால் கட்டடம் இடிந்துவிடாது. ஆனால் புதிதாக ஒரு திருடன் புது வழி கண்டுபிடித்தால் தடுக்க ஆளில்லை. அதனால் அலட்சியமாகவும் இருக்கக்கூடாது, அலறவும் வேண்டாம்.

வாட்ச்மேனை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. செட்டிங்ஸ் உள்ளே அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால், கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பதிவு செய்துகொள்ளச் சொல்லும் ஓர் இணைப்பு தெரியும். உங்கள் விண்டோஸ் 10 கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசு கிடையாது. சம்மதமில்லை என்றால் 30 டாலர் கேட்பார்கள். பதிவு செய்துவிட்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். இதை எந்தக் கடைக்காரரும் நம்மிடம் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு என்ன வியாபாரம்?

விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பார்ப்பதும் பெரிய வித்தையில்லை. மைக்ரோசாஃப்ட்டே பிசி ஹெல்த் செக் என்ற சின்ன மென்பொருளை இலவசமாகத் தருகிறது. அது ஆமாம், இல்லை என்று சொல்லிவிடும். அது சொல்வதற்கு முன்பே ஓரளவு ஊகிக்கலாம். இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் சேர்த்துக்கொள்வார்கள், அது 2017-இல் வந்தது. அதற்கு முன் வாங்கிய பெட்டி என்றால் பெரும்பாலும் தேறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். சில கணினிகளில் அது உள்ளே இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டுவிட்டாலே 'இல்லை' என்பது 'ஆமாம்' ஆகிவிடுவது உண்டு. தேறாத பெட்டியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்பார்கள். போடலாம், ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுப்பதில்லை. எதற்காக மாறுகிறோமோ அதுவே இல்லாமல் மாறுவது என்ன கணக்கு?

இவ்வளவும் இரண்டாவதாகச் செய்ய வேண்டியவை. முதலில் செய்ய வேண்டியது வேறு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் ஒருவர். எங்கள் எல்லோருக்கும் தமிழய்யா. வீடு மந்தைவெளியில். நான்கு வருடங்களுக்கு முன் காலமானார். தஞ்சாவூர்ப் பக்கம் அவருடைய கிராமத்தில் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாவற்றையும் தன் அம்மாவிடமும் அத்தைகளிடமும் கேட்டுக் கேட்டு, 2001-லிருந்து கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். பாடியவர்கள் யாரும் இன்று இல்லை. புத்தகமாகப் போட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். நடக்கவில்லை.

போன நவம்பரில் அவருடைய மனைவி போன் செய்தார். "டீச்சர், விண்டோஸ் மாத்தணும்னு கடையில சொன்னாங்க, மாத்திக் குடுத்துட்டாங்க. இப்ப அவர் எழுதினது எதுவும் இல்ல. ஃபைல் எல்லாம் கரப்ட் ஆயிடுச்சு, அழிச்சுடட்டுமான்னு அந்தத் தம்பி கேக்கறான்." குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. "அக்கா, எதையும் தொட வேண்டாம். மெஷினை ஆஃப் பண்ணிடுங்க, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

போய்ப் பார்த்தால், பழைய பெட்டி, மூன்றாம் தலைமுறை சிப். அதில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டிருந்தார்கள். மவுஸை அசைத்தால் அம்பு அரை நிமிடம் கழித்து நகர்ந்தது. டி டிரைவில் 'பாடல்கள்' என்ற ஃபோல்டர் அப்படியே இருந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான வேர்ட் கோப்புகள். திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். அந்தத் தம்பி கரப்ட் என்று சொன்னதில் அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் பிறந்தபோதே யூனிகோடு வந்துவிட்டது. அவனுக்கு எப்படித் தெரியும்?

ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பு கணினிக்குத் தமிழ் தெரியாது. நாம் தமிழில் அடித்ததாக நினைத்தது எல்லாம் உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் பதிவானது. ஃபான்ட் என்பது அதற்கு மேல் போட்ட வேஷம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினியின் வயிற்றுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். பாமினி ஃபான்ட் இருக்கும் வரை அது 'தமிழ்'. ஃபான்ட் போய்விட்டால் வேஷம் கலைந்து ஜேயும் கேயும் வெளியே வந்துவிடும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வேஷம் போட்டது. வானவில் ஒன்று, ஸ்ரீலிபி ஒன்று, தஸ்கி ஒன்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் இங்கே சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூட்டினார்கள். அதில்தான் டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. விசைப்பலகை நிலைத்தது. குறியீடுகளை யூனிகோடு ஓரங்கட்டிவிட்டது. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. ஆனால் அதற்கு முன் பத்துப் பதினைந்து வருடம் நாம் அடித்துத் தள்ளியது? இன்னும் எத்தனை வீடுகளில் வேஷம் போட்டபடியே கிடக்கிறது!

விண்டோஸைப் புதிதாகப் போடும்போது சி டிரைவை அழிக்கிறார்கள். நாம் நிறுவியிருந்த ஃபான்ட்டுகள் சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பவை. அதனால் டி டிரைவில் கோப்பு பத்திரமாக இருந்தாலும் வாசிக்க முடியாமல் போகிறது. தமிழய்யாவின் பாட்டுகளுக்கு நடந்தது இதுதான். எதுவும் கெட்டுப்போகவில்லை.

இப்படி ஒரு கோப்பு உங்களிடம் இருந்தால், அந்தப் புரியாத எழுத்தின் மேல் ஒரு முறை கிளிக் செய்துவிட்டு மேலே ஃபான்ட் பெயர் காட்டும் கட்டத்தைப் பாருங்கள். ஃபான்ட் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். வேர்டிலும் சரி, லிப்ரே ஆபிஸிலும் சரி. பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டரோ, பொங்குதமிழ் மாற்றியோ போதும். எந்த எழுத்துருவிலிருந்து என்று தேர்ந்தெடுத்து, உரையை ஒட்டினால் யூனிகோடு தமிழ் வெளியே வரும். அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக நினைத்து மாற்றிவிடும். கொம்பு, கால் இடம் மாறும் இடங்கள் உண்டு. உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கத்தான் வேண்டும். நாம் பார்க்காத விடைத்தாளா?

முதல் தாலாட்டு திரையில் தமிழாக வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வாசிக்கவில்லை. பாடினார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கடைசி வருடத்தில் உடம்பு முடியாதபோது அவர் அடித்தவற்றை டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தாராம், கண்ணுக்கு எதிரே இருக்கட்டும் என்று. நோட்டில் அவர் கையால் எழுதிய பட்டியல்படி 31 பாட்டுகள். டெஸ்க்டாப் என்பது திரையில் தெரிகிறதே தவிர அது இருக்கும் இடம் சி டிரைவ். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே அங்கேதான். "சி-யை மட்டும்தான் ஃபார்மேட் பண்றோம், உங்க டேட்டா எல்லாம் டி-யில பத்திரமா இருக்கும்" என்று கடையில் சொல்லும்போது நாம் தலையாட்டுகிறோம். நம்முடைய முக்கியமான சாமான் முழுக்க வாசல் திண்ணையில் கிடக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வராது.

நல்லவேளையாக அது பழைய வகை ஹார்ட் டிஸ்க். அழித்த கோப்பு உடனே மறைந்துவிடாது, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை கிடக்கும். அதனால்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன். அந்த விண்டோஸைத் தொடாமல், லினக்ஸ் மின்ட் போட்ட ஒரு பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, கிடைத்ததை வெளியே வேறொரு டிஸ்கில் சேர்த்தேன். ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. கோப்புகளின் பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாக வரும். ஒவ்வொன்றாகத் திறந்து நோட்டோடு ஒப்பிட்டோம். 19 பாட்டுகள் கிடைத்தன. மற்ற 12 இருந்த இடத்தில் புது விண்டோஸ் உட்கார்ந்துவிட்டது. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் இந்த 19-உம் கிடைத்திருக்காது. அதில் அழித்த இடத்தைத் தானே துடைத்துவைக்கும் ஏற்பாடு உண்டு.

ஆகவே, கடைக்குக் கொடுப்பதற்கு முன், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் வெளியே ஒரு டிஸ்கில் காப்பி செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் உள்ளே ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும், அதையும் காப்பி செய்யுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஃபார்மேட் செய்யாமல் மேலேயே விண்டோஸ் போட்டிருந்தால் விண்டோஸ் டாட் ஓல்ட் என்ற ஃபோல்டரில் பழையது இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். புது டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது பழைய இரும்பு அல்ல, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி.

இன்னொன்று. சி-யில் இருப்பதை டி-யில் காப்பி எடுத்து வைத்தால் அது பேக்கப் ஆகாது. பெரும்பாலான வீடுகளில் சி, டி, இ எல்லாம் ஒரே டிஸ்கைத் தடுத்துப் பிரித்த அறைகள். வீடு எரிந்தால் எல்லா அறையும் எரியும். பேக்கப் இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும். என் தங்கை கோட்டூர்புரத்தில் இருந்தாள். என் டிஸ்க் அவள் பீரோவிலும் அவள் டிஸ்க் என் பீரோவிலும் என்று 2012-லிருந்து பழக்கம். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் அவளுடைய தரைத்தள வீட்டுக்குள் வந்தபோது மேசைக்கு அடியில் இருந்த சிபியு முழுகியது. மகன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் மயிலாப்பூரில் என் புடவைகளுக்கு நடுவில் உலர்ந்து கிடந்தன.

அதனால் சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் இதே கதையைப் பல வீடுகளில் கேட்டேன். இரண்டு செங்கல் உயரம்கூடச் சில வருடம் காப்பாற்றும், மேசை மேல் என்றால் இன்னும் நல்லது. நனைந்துவிட்டால் 'ஓடுகிறதா பார்க்கலாம்' என்று சுவிட்சைப் போடவே கூடாது. போட்டால்தான் போர்டு போகும். பிளக்கைப் பிடுங்கி, டிஸ்கைக் கழற்றச் சொல்லித் தனியாகக் காயவிடுங்கள்.

நம் ஊர்க் காற்றையும் சொல்ல வேண்டும். சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் பக்கம் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது, கணினி எந்த மூலை? ராம் பொருத்தும் இடத்தில் உப்புப் படிந்தால், கணினியை ஆன் செய்ததும் திரை வராமல் பீப் பீப் என்று கத்தும். போர்டு போச்சு என்று பயப்பட வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு ராமை எடுத்து, அதன் பொன்னிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினால் பத்தில் பல தடவை உயிர் வந்துவிடும். ரிச்சி தெருவில் எந்த மெக்கானிக்கும் முதலில் செய்வது இதைத்தான். தி. நகர் மாதிரி வருடம் முழுக்கக் கட்டடம் இடித்துக் கட்டும் இடங்களில் பிரச்சினை தூசி. வருடத்துக்கு இரண்டு முறை புளோயரால் ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழலவிடக்கூடாது.

சில சமயம் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மிரட்டும். வைரஸ் என்று நினைத்து மூவாயிரம் செலவழித்தவரைத் தெரியும். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிஆர் 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். ஒரு மசால் தோசை விலைகூட ஆகாது.

மெதுவாக ஓடுகிறது என்பதுதான் அடுத்த புலம்பல். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற இடத்தில் எப்போது பார்த்தாலும் 100 சதவீதம் என்று நின்றால் நோய் எது என்று தெரிந்துவிட்டது. சுற்றும் வகைப் பழைய ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் 10 மூச்சு வாங்குகிறது. அதை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். புதுக் கணினி விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஐந்து நிமிடம் எழுந்திருக்க அடம் பிடித்த பெட்டி அரை நிமிடத்தில் எழும். வேறு எந்த வைத்தியத்துக்கும் இந்தப் பலன் இல்லை. அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பக்கத்தில் கணினியோடு கூடவே எழுந்திருப்பவர்கள் பட்டியல் இருக்கும். வேண்டாதவர்களை டிசேபிள் செய்யுங்கள். பிரிண்டர் உதவியாளர், மியூசிக் பிளேயர் எல்லாம் விடியற்காலையிலேயே எழுந்து என்ன செய்யப் போகிறார்கள்? வாரத்துக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் என்றால் முழுதாக அணைவதாக நினைக்கிறோம். விண்டோஸ் சீக்கிரம் எழுவதற்காகப் பாதித் தூக்கம்தான் தூங்குகிறது. ரீஸ்டார்ட்தான் முழுத் தூக்கம்.

ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. காசு கொடுத்து இரண்டாவதாக ஒன்றைப் போட்டால் கணினி இன்னும் மந்தமாகும். நம் வயதுக்காரர்களுக்கு வைரஸைவிடப் பெரிய ஆபத்து, திரையின் மூலையிலிருந்து 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்' என்று தலை நீட்டும் அறிவிப்புகள். அவற்றில் பெரும்பாலானவை கணினியிலிருந்து வருவதே இல்லை. எப்போதோ ராசிபலன் பார்க்கவோ சீரியல் பார்க்கவோ ஒரு தளத்துக்குப் போனபோது 'அலோ' என்று அழுத்தியிருப்போம், அந்தத் தளம் அனுப்புகிறது. குரோமின் செட்டிங்ஸில் தேடும் இடத்தில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று அடித்து, தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். அதோடு நின்றுவிடும். முழுத் திரையும் சிவப்பாகி, சைரன் ஒலித்து, மைக்ரோசாஃப்ட் என்று சொல்லி ஒரு போன் நம்பர் காட்டினால், ஆல்ட்டும் எஃப்4-உம் அழுத்தி மூடுங்கள், மூடவில்லையா, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். அந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தானாக நமக்கு நம்பர் கொடுத்துக் கூப்பிடச் சொல்வதில்லை. யாராவது போனில் பேசிக்கொண்டே தூரத்திலிருந்து கணினியைப் பார்க்கும் செயலியை ஏற்றச் சொன்னால் அந்த நிமிடமே போனை வையுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அடியுங்கள். முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

இப்போது தேறாத பெட்டிகளுக்கு வருகிறேன். விண்டோஸ் 11 போட முடியாது, 2026 அக்டோபருக்குப் பிறகு 10-உம் பாதுகாப்பில்லை என்றால் என்ன செய்வது? லினக்ஸ். பயப்படாதீர்கள். நம் ஊருக்கு அது புதிதல்ல. நந்தனத்தில் இருக்கும் எல்காட், 2006, 2007 வாக்கிலேயே, உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகத்தை லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் சூசே லினக்ஸ் வந்தது. தரமணியில் இருக்கும் சி-டாக் சென்னை மையம்தான் பாஸ் என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. 2011-இல் மாணவர்களுக்கு அரசு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். திறந்து பார்க்க நாம் சொல்லிக் கொடுத்திருந்தால்தானே!

வீட்டுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். பார்வைக்குப் பழைய விண்டோஸ் மாதிரியே இருக்கும், கீழே இடது மூலையில் மெனு. நான்கு ஜிபி ராம் இருந்தால் ஓடும், எட்டு இருந்தால் ஓட்டமாக ஓடும். பிரவுசர், மின்னஞ்சல், யூடியூப், லிப்ரே ஆபிஸ், நம் தலைமுறைக்கு இதற்கு மேல் என்ன வேலை? கணினியில் ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதில் பெரிய வசதி. வை-ஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று ஒரு மாலை முழுக்க சோதித்துவிட்டுப் பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிவிடலாம். விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.

எல்லோருக்கும் ஒத்துவரும் என்று பொய் சொல்ல மாட்டேன். டாலியில் கணக்கு எழுதுபவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து வரித் தாக்கல் செய்யும் ஆடிட்டர்கள் விண்டோஸிலேயே இருங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் அடம் பிடிக்கும், அதனால்தான் முதலில் பிரிண்டரைச் சோதிக்கச் சொன்னேன்.

தமிழில் அடிப்பதற்கு இரண்டிலும் குறையில்லை. விண்டோஸ் 10-இல் 2019-லிருந்தே தமிழ்99 விசைப்பலகை கூடவே வருகிறது. செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்துக்கொண்டு, விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மாறும். அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து விரலில் அதே பழக்கம் இருப்பவர்களுக்கு என்எச்எம் ரைட்டரில் பழைய தட்டச்சு முறையும் உண்டு. லினக்ஸில் ஐபஸ் எம்17என் என்ற பொதியை ஏற்றினால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மேற்கொண்டு தமிழிலேயே படிக்க விரும்புபவர்கள் கணியம் இதழின் தளத்துக்குப் போங்கள். லினக்ஸ் பற்றி எளிய தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள், இலவசம்.

அக்காவின் கணினியில் இப்போது மின்ட்தான். எஸ்எஸ்டி நானே வாங்கிப் போட்டேன். பேத்தி உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கிறாள், வாரத்துக்குப் பத்துப் பாட்டு.

தை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை வீட்டில் இருப்பேன். பென் டிரைவ் கொண்டு வந்தால் மின்ட் போட்டுத் தருகிறேன். எட்டு ஜிபி போதும், அதில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலி செய்துவிட்டு வாருங்கள். பழைய ஃபான்ட்டில் கோப்பு வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு கோப்பை மட்டும் முதலில் எனக்கு அனுப்புங்கள். என்ன ஃபான்ட் என்று பார்த்துச் சொல்கிறேன். கன்வெர்ட் செய்வது நீங்கள்தான். மெய்ப்பும் நீங்கள்தான்.